ஈராக் யுத்தம்: மூன்று கேள்விகளும் ஒரு சங்கிலியும்

2005-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி. வாஷிங்டனில் அமெரிக்க செனட் சபை வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது. எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் தலைவர் ஹாரி ரீட் எழுந்தார். சபை விதி 21-ன்படி ரகசியக் கூட்டம் நடத்த வேண்டும் என்றார். இன்னொரு உறுப்பினர் ஆமோதித்தார். அவ்வளவுதான்! பார்வையாளர்களும் பத்திரிகை நிருபர்களும் வெளியேற்றப்பட்டார்கள். கதவுகள் சாத்தப்பட்டன. சுமார் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திறந்தன.

ஆளும் குடியரசுக் கட்சித் தலைவர்கள் கொதித்துப் போனார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் இப்படிச் செய்யலாமா என்றார்கள். ஆனால் ரீட் கேட்டது சின்ன விஷயம் இல்லை. ஈராக்கின் மீது படையெடுக்கச் சொன்ன காரணங்கள் பொய்யாகிவிட்டன. அந்தக் காரணங்களை அரசாங்கம் எப்படிக் கையாண்டது என்று விசாரிப்பதாக ஒப்புக்கொண்ட உளவுக் கமிட்டி ஏன் இழுத்தடிக்கிறது என்பதுதான் அவர் கேள்வி. அதற்கு ஒரு வாரம் முன்புதான் ஈராக்கில் மாண்ட அமெரிக்கச் சிப்பாய்களின் எண்ணிக்கை 2,000-ஐத் தொட்டிருந்தது.

அதே நவம்பர் மாதத்தில் இன்னும் இரண்டு கேள்விகள் அமெரிக்காவை உலுக்கின. பிடிபட்ட கைதிகளைச் சித்திரவதை செய்யலாமா என்பது ஒன்று. படைகளை எப்போது திரும்ப அழைப்பது என்பது இன்னொன்று. உளவு, கைதி, வாபஸ் என்று மூன்றும் அப்போது தனித்தனி வாக்குவாதங்களாகத்தான் தோன்றின. அதன் பிறகு வெளியான விசாரணை அறிக்கைகளைப் படித்துப் பார்த்தால் மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பது விளங்குகிறது.

உதிர்ந்துபோன சந்தேகம்

2002 அக்டோபரில் அமெரிக்க உளவு இலாகாக்கள் எல்லாம் சேர்ந்து ஈராக்கைப் பற்றி ஒரு மதிப்பீடு தயாரித்தன. 90 பக்கத்துக்கு மேற்பட்ட தஸ்தாவேஜு அது. சதாம் உசேனிடம் ரசாயன ஆயுதங்களும் கிருமி ஆயுதங்களும் இருக்கின்றன, அணுகுண்டு வேலையையும் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்பது அதன் சாரம்.

ஆனால் அதே தஸ்தாவேஜுக்குள் வேறு குரல்களும் இருந்தன. அணுகுண்டு வேலை நடப்பதற்குப் போதிய அத்தாட்சி இல்லை என்று வெளிவிவகார இலாகாவின் உளவுப் பிரிவு எழுதியிருந்தது. ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணுகுண்டுக்கான யுரேனியத்தைத் தயாரிக்கத்தான் என்று சி.ஐ.ஏ. சொன்னது. அந்தத் தொழில் நன்றாகத் தெரிந்த எரிசக்தி இலாகா நிபுணர்களோ, அவை அதற்காக வாங்கியவையாகத் தெரியவில்லை என்றார்கள்.

ஆபீஸில் பைல் நகரும் விதம் தெரிந்தவர்களுக்கு அடுத்து நடந்ததை விளக்க வேண்டியதில்லை. செக்‌ஷனில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா, இது சந்தேகத்துக்கு உரியது என்று ஓரத்தில் குறிப்பு எழுதுவார். சூப்பரிண்டெண்ட் அதைச் சுருக்குவார். அவருக்கு மேலே இருப்பவர் இன்னும் சுருக்குவார். கடைசியில் பெரியவரின் மேஜைக்குப் போகும்போது ஒரு பக்கம்தான் மிஞ்சும். அதில் முடிவு இருக்கும்; சந்தேகம் இருக்காது.

பொதுமக்களுக்கென்று வெளியிட்ட சுருக்கத்தில் அந்த மாற்று அபிப்பிராயங்கள் விடுபட்டுப் போயின. முழு அறிக்கை காவல் உள்ள அறையில் இருந்தது. அங்கே போய்ப் படித்த செனட்டர்கள் மிகச் சிலரே. அக்டோபர் 10-ந் தேதி பிரதிநிதிகள் சபை 296-க்கு 133 என்ற வோட்டிலும், நள்ளிரவு தாண்டிய பின் செனட் 77-க்கு 23 என்ற வோட்டிலும், யுத்தம் தொடுக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷிடம் ஒப்படைத்தன.

2003 பிப்ரவரி 5-ந் தேதி வெளிவிவகார மந்திரி காலின் பவல் ஐக்கிய நாடுகள் சபையில் பேசினார். லாரிகளில் நடமாடும் கிருமி ஆயுதச் சாலைகள் ஈராக்கில் உண்டு என்று படம் காட்டினார். அந்தக் கதையின் மூலம் ஜெர்மனிக்கு அகதியாக வந்த ஓர் ஈராக்கியர். உளவு இலாகாக்கள் அவருக்கு வைத்த சங்கேதப் பெயர் கர்வ்பால். 2011-ல் அவரே தான் சொன்னது பொய் என்று ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையிடம் ஒப்புக்கொண்டார்!

மார்ச் 20-ந் தேதி யுத்தம் ஆரம்பமாயிற்று. ஏப்ரல் 9-ந் தேதி பாக்தாத் விழுந்தது. ஆயுதங்களைத் தேடிப் போன குழுவின் தலைவர் டேவிட் கே, 2004 ஜனவரியில் செனட் கமிட்டியின் முன் வந்து, நாம் ஏறக்குறைய எல்லோருமே தவறாக எண்ணிவிட்டோம் என்று சாட்சி சொன்னார். பேரழிவு ஆயுதக் கிடங்குகள் எதுவும் இல்லை.

அரசாங்கத் தரப்பின் வாதத்தையும் சொல்ல வேண்டும். சதாம் 1988-ல் ஹலப்ஜா என்ற குர்து ஊரில் விஷவாயு வீசி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றவர். ஐக்கிய நாடுகள் பரிசோதகர்களிடம் பல வருஷம் உண்மையை மறைத்தவர். வேறு நாடுகளின் உளவாளிகளும் அவரிடம் ஆயுதம் இருப்பதாகவே நம்பினார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர் பலரும் யுத்தத்துக்கு வோட்டுப் போட்டார்கள். 2005 நவம்பர் 11-ந் தேதி புஷ் இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, சரித்திரத்தைத் திருத்தி எழுதுவது பொறுப்பற்ற செயல் என்று எதிர்க்கட்சியைச் சாடினார். உளவு அதிகாரிகளை நிர்ப்பந்தித்து முடிவை மாற்றச் செய்ததற்கு ஆதாரம் இல்லை என்று 2004, 2005-ம் ஆண்டு விசாரணைகளும் கூறின.

ஆனால் ரீட் கதவைச் சாத்திக் கேட்ட கேள்விக்கு விடை 2008 ஜூனில்தான் வந்தது. ஜனாதிபதியும் மந்திரிகளும் பேசியவற்றில் பல, உளவு இலாகா தந்த தகவலுக்கு ஒத்துப் போயின. ஆனால் ஈராக்குக்கும் அல் கொய்தாவுக்கும் கூட்டு உண்டு என்று சொன்னதற்கு அந்தத் தகவல்களில் ஆதாரம் இல்லை என்று செனட் கமிட்டி முடிவு கூறியது. அந்தக் கூட்டுக் கதை எங்கே பிறந்தது? அதைத் தேடிப் போனால் ஒரு கைதியிடம் போய் நிற்கிறோம்.

பெட்டிக்குள் 17 மணி நேரம்

இப்னு அல் ஷேக் அல் லிபி என்பவர் லிபியா நாட்டுக்காரர். ஆப்கானிஸ்தானில் தீவிரவாதிகளுக்குப் பயிற்சி முகாம் நடத்தியவர். 2001 கடைசியில் பிடிபட்டார். அமெரிக்கர்கள் அவரை எகிப்துக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே அவர் என்ன பட்டார் என்பது பிற்பாடு செனட் கமிட்டியின் அறிக்கையில் வெளியாயிற்று. அவர் கொடுத்த வாக்குமூலப்படி, சுமார் 50 சென்டிமீட்டர் நீள அகலமுள்ள ஒரு பெட்டியில் 17 மணி நேரம் அடைத்து வைத்தார்கள். பிறகு வெளியே எடுத்து அடித்தார்கள்.

அடி தாங்காமல் அவர் சொன்னதுதான் இது: அல் கொய்தா ஆட்களுக்கு ரசாயன, கிருமி ஆயுதப் பயிற்சியை ஈராக் தந்தது. அதுதான் எஜமானர்கள் கேட்க விரும்பிய செய்தி. 2002 அக்டோபர் 7-ந் தேதி புஷ் தன் பிரசங்கத்தில் இதைச் சொன்னார். பவல் ஐக்கிய நாடுகள் சபையில் ஆள் பெயரைச் சொல்லாமல் இதையே விரிவாகச் சொன்னார்.

இதில் வேதனை என்ன தெரியுமா? 2002 பிப்ரவரியிலேயே அமெரிக்க ராணுவ உளவு இலாகா, இந்த ஆள் விசாரிப்பவர்களை வேண்டுமென்றே ஏமாற்றுவதாகத் தோன்றுகிறது என்று எழுதி வைத்திருந்தது. ஓரக் குறிப்பு மறுபடியும் ஓரத்திலேயே நின்றுவிட்டது. 2004 ஜனவரியில் அல் லிபி தன் வாக்குமூலத்தை மாற்றினார். அடுத்த மாதம் சி.ஐ.ஏ. அதை வாபஸ் வாங்கியது. அதற்குள் யுத்தம் தொடங்கி ஒரு வருஷம் ஆகப்போகிறது! செனட்டர் கார்ல் லெவின் அந்தப் பழைய ராணுவக் குறிப்பைப் பகிரங்கமாக்கியதும் அதே 2005 நவம்பரில்தான். அல் லிபி 2009-ல் லிபியச் சிறை ஒன்றில் இறந்து கிடந்தார்.

சித்திரவதை தர்மமா இல்லையா என்பது ஒரு கேள்வி. அதனால் உண்மை கிடைக்குமா என்பது இன்னொரு கேள்வி. அல் லிபியின் விஷயத்தில் கிடைத்தது பொய். அந்தப் பொய்யும் சேர்ந்து ஒரு யுத்தத்துக்கு வழி திறந்தது.

அபு கிரைப் படங்கள்

பாக்தாதுக்கு மேற்கே அபு கிரைப் என்ற ஊரில் சதாம் காலத்துச் சிறை ஒன்று இருந்தது. சதாமின் எதிரிகள் பலர் அங்கே தூக்கிலிடப்பட்டார்கள். அமெரிக்கர்கள் அதே கட்டடத்தில் தங்கள் கைதிகளை அடைத்தார்கள். 2004 ஏப்ரல் 28-ந் தேதி சி.பி.எஸ். டெலிவிஷன் அங்கே எடுத்த படங்களை ஒளிபரப்பியது. நிர்வாணமாக்கப்பட்ட கைதிகள், தலையில் முக்காடு போட்டுக் கம்பியோடு பெட்டி மேல் நிறுத்தப்பட்ட மனிதர், பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் சிப்பாய்கள்! உலகமே அருவருத்தது.

அந்தப் படங்களை 2004 ஜனவரியில் மேலதிகாரிகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர் ஜோசப் டார்பி என்ற சாதாரணச் சிப்பாய். அவர் பெயர் வெளியே வராது என்று வாக்களித்திருந்தார்கள். ராணுவ மந்திரி டொனால்டு ரம்ஸ்பெல்டு மே 7-ந் தேதி காங்கிரஸ் கமிட்டியில் சாட்சி சொல்லும்போது அவருக்கு நன்றி என்று சொல்லி, பெயரையும் சொல்லிவிட்டார்! சொந்த ஊரில் டார்பியைத் துரோகி என்று ஏசினார்கள். அவரும் மனைவியும் அந்த ஊருக்கே திரும்ப முடியவில்லை.

சிறைக்குள் இருந்தவர்கள் யார்? சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் 2004 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கையில் ஒரு செய்தி இருக்கிறது. ஈராக்கில் பிடிபட்டவர்களில் 70 முதல் 90 சதவீதம் பேர் தவறாகக் கைதானவர்கள் என்று அமெரிக்கத் தரப்பு ராணுவ உளவு அதிகாரிகளில் சிலரே அந்தச் சங்கத்திடம் சொன்னார்களாம். தெருவில் போனவர், கடையில் நின்றவர், அடுத்த வீட்டுக்காரர் என்று வாரிக்கொண்டு போயிருக்கிறார்கள். யார் குற்றவாளி, யார் நிரபராதி என்று அறிய உளவு போதவில்லை. அதனால் எல்லோரையும் அடைத்து, அடித்து, உளவு தேடினார்கள்.

யுத்தக் கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு 1949-ம் ஆண்டு ஜினீவா ஒப்பந்தங்கள் உண்டு. நம் நாட்டுக்கும் இதில் அனுபவம் உண்டு. 1971 டிசம்பரில் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது சுமார் 93,000 பேர் இந்தியாவின் காவலுக்கு வந்தார்கள். அந்த ஒப்பந்தங்களின்படி முகாம்களில் வைத்திருந்து, 1974 ஏப்ரலுக்குள் எல்லோரையும் திருப்பி அனுப்பினோம். அமெரிக்காவோ 2002 பிப்ரவரியில், அல் கொய்தா கைதிகளுக்கு ஜினீவா ஒப்பந்தம் பொருந்தாது என்று ஜனாதிபதி கையெழுத்தோடு ஆணை போட்டது. ஈராக்குக்கு அது பொருந்தும் என்றுதான் சொன்னார்கள். ஆனால் குவாண்டனாமோவில் பழகிய கை பாக்தாதில் சும்மா இருக்குமா?

அபு கிரைப் குற்றத்துக்காகச் சிப்பாய்கள் 11 பேர் தண்டனை பெற்றார்கள். அதிகபட்சத் தண்டனை 10 வருஷச் சிறை. சிறைப் பொறுப்பில் இருந்த பெண் பிரிகேடியர் கர்னலாகப் பதவி இறக்கப்பட்டார். இது சில சிப்பாய்கள் தாமாகச் செய்த சேஷ்டை மட்டுமல்ல, மேலிடத்து உத்தரவுகள் இதற்கு வழி வகுத்தன என்று செனட் ராணுவக் கமிட்டி 2008 டிசம்பரில் கூறியது. ஆனால் அந்த மேலிடத்தில் இருந்த யாரும் சிறைக்குப் போகவில்லை.

அங்கே அடைபட்டிருந்த ஈராக்கியர் மூவர், விசாரணைக்கு ஆள் கொடுத்த தனியார் கம்பெனி மேல் வழக்குத் தொடுத்தார்கள். ஒருவர் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர், ஒருவர் பழ வியாபாரி, ஒருவர் பத்திரிகையாளர். 2008-ல் தொடங்கிய வழக்கில் 2024 நவம்பரில் அமெரிக்க ஜூரிகள், மூவருக்கும் சேர்த்து 4 கோடியே 20 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். நடுவே 16 வருஷம் ஓடிவிட்டது.

கைதியாக இருந்தவரின் சட்டம்

ஜான் மெக்கெய்ன் குடியரசுக் கட்சி செனட்டர். யுத்தத்தை ஆதரித்தவர். ஆனால் அவரே ஒரு காலத்தில் கைதி! வியட்நாம் யுத்தத்தில் 1967-ல் விமானம் வீழ்ந்து பிடிபட்டு, ஐந்தரை வருஷம் ஹனாய் சிறைகளில் கிடந்தவர். ஒடிந்த கைகளை அவரால் கடைசி வரை தலைக்கு மேல் தூக்க முடியவில்லை.

தன் விமானப் பிரிவில் இருந்தவர்களின் பெயர்களைச் சொல்லும்படி வதைத்தபோது தான் என்ன செய்தார் என்பதை அவர் 2005 நவம்பரில் எழுதினார். அமெரிக்காவில் கிரீன் பே என்ற ஊரின் பிரபலமான புட்பால் குழு ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாராம்! எதிரிகளும் எழுதிக்கொண்டு போனார்கள். வதைபடுகிறவன் வலி நிற்பதற்கு எதையும் சொல்வான் என்பது அவர் வாதம்.

அமெரிக்கக் காவலில் இருக்கும் எவரையும் கொடூரமாகவோ இழிவாகவோ நடத்தக் கூடாது என்று அவர் கொண்டு வந்த திருத்தத்தை அக்டோபர் 5-ந் தேதி செனட் 90-க்கு 9 என்ற வோட்டில் ஏற்றது. உப ஜனாதிபதி டிக் செனி, சி.ஐ.ஏ.வுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று முயன்றார். நவம்பர் 2-ந் தேதி, வெளிநாடுகளில் சி.ஐ.ஏ. ரகசியச் சிறைகள் நடத்துகிறது என்ற செய்தியை வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை போட்டு உடைத்தது. விலக்குக் கிடைக்கவில்லை. டிசம்பர் 30-ந் தேதி புஷ் கையெழுத்துப் போட்டார். ஆனால் ஜனாதிபதி என்ற முறையில் தனக்குள்ள அதிகாரத்துக்கு உட்பட்டே இதற்குப் பொருள் கொள்வேன் என்று ஒரு குறிப்பையும் சேர்த்துக்கொண்டார். 2002-ல் திறந்த குவாண்டனாமோ சிறையில் 2025 ஜனவரியிலும் 15 பேர் மிச்சம் இருந்தார்கள்.

ஒரு பழைய சிப்பாயின் குரல்

மூன்றாவது கேள்வியை எழுப்பியவர் ஜான் மர்தா. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சிப் பிரதிநிதி. 37 வருஷம் மரைன் படையோடு தொடர்புள்ளவர். வியட்நாமில் காயம் பட்டு மெடல் வாங்கியவர். ராணுவத்துக்குப் பணம் கேட்டால் மறுக்காதவர். 2002-ல் யுத்தத்துக்கு ஆதரவாக வோட்டுப் போட்டவர். அப்படிப்பட்டவர் 2005 நவம்பர் 17-ந் தேதி, சிப்பாய்கள் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டார்கள், அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டும் என்றார். ஆஸ்பத்திரிகளில் கை கால் இழந்து கிடந்தவர்களைப் பார்த்துப் பேசிவிட்டு வந்ததைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது.

ஆளும் கட்சி ஒரு தந்திரம் செய்தது. முடிந்த அளவு சீக்கிரத்தில் என்று மர்தா தன் தீர்மானத்தில் எழுதியிருந்தார். அவர்களோ உடனடியாக வாபஸ் என்று வேறொரு தீர்மானத்தை மறுநாளே வோட்டுக்கு விட்டார்கள். 403-க்கு 3 என்று தோற்றது. மர்தாவே அதை எதிர்த்துத்தான் வோட்டுப் போட்டார். அந்த விவாதத்தில் புதிதாக வந்த பெண் உறுப்பினர் ஒருவர், கோழைகள்தான் ஓடுவார்கள் என்று மர்தாவுக்குச் சொல்லி அனுப்பப்பட்ட ஒரு சேதியைப் படித்தார். சபையில் ஒரே கூச்சல்! கடைசியில் அந்த வார்த்தைகளை அவர் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

சபையில் யார் வீரன், யார் கோழை என்று பேசிய மறுநாள், நவம்பர் 19-ந் தேதி, ஈராக்கில் ஹடிதா என்ற ஊரில் குண்டு வெடித்து ஒரு மரைன் சிப்பாய் இறந்தார். அவருடைய தோழர்கள் ஊருக்குள் புகுந்து 24 ஈராக்கியரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. சில மாதம் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. வழக்குகள் ஒவ்வொன்றாகத் தள்ளுபடியாகி, 2012-ல் ஒருவர் மட்டும் கடமை தவறியதாக ஒப்புக்கொண்டார். அவருக்கும் சிறை இல்லை.

போனதும் திரும்ப வந்ததும்

2006 நவம்பர் தேர்தலில் இரண்டு சபைகளும் ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்தன. மறுநாளே ரம்ஸ்பெல்டு விலகும் செய்தி வந்தது. ஆனால் வாபஸ் வரவில்லை. புஷ் 2007 ஜனவரியில் இன்னும் 20,000-க்கு மேற்பட்ட துருப்புகளை அனுப்புவதாக அறிவித்தார். வாபசுக்குத் தேதி குறித்து காங்கிரஸ் அனுப்பிய மசோதாவை மே 1-ந் தேதி வீட்டோ செய்தார். அந்த வருஷம்தான் ஈராக்கில் அமெரிக்கர் மிக அதிகமாக மாண்ட வருஷம். அடுத்த வருஷம் சண்டை தணிந்தது என்பதும் உண்மை. கூடுதல் படைதான் காரணம் என்றார்கள் சிலர். உள்ளூர் சன்னி இனக்குழுக்கள் அல் கொய்தாவுக்கு எதிராகத் திரும்பியதுதான் காரணம் என்றார்கள் மற்றவர்கள்.

கடைசியில் 2008 நவம்பரில் புஷ் அரசாங்கமே ஈராக்கோடு ஒப்பந்தம் செய்து, 2011 டிசம்பர் 31-க்குள் எல்லாப் படைகளும் வெளியேறும் என்று தேதி குறித்தது. பிறகு வந்த ஜனாதிபதி ஒபாமா கொஞ்சம் படையாவது இருக்கட்டும் என்று பேச்சு நடத்தினார். பேச்சு எதில் முறிந்தது தெரியுமா? அமெரிக்கச் சிப்பாய்கள் மேல் ஈராக்கிய கோர்ட்டில் வழக்குப் போடக் கூடாது என்ற விலக்கை அமெரிக்கா கேட்டது. அபு கிரைப்பையும் ஹடிதாவையும் கண்ட ஜனங்களிடம் போய் அந்த விலக்குக்கு ஆதரவு கேட்க எந்த ஈராக்கிய அரசியல்வாதிக்குத் துணிவு வரும்? 2011 டிசம்பர் 18-ந் தேதி கடைசி வண்டித் தொடர் குவைத் எல்லையைத் தாண்டியது. அதுவரை மாண்ட அமெரிக்கச் சிப்பாய்கள் சுமார் 4,500 பேர். ஈராக்கியப் பொதுஜனங்களில் கணக்கில் வந்தவர்களே ஒரு லட்சத்துக்கு மேல்.

அதோடும் முடியவில்லை. ஈராக்கின் தென்கோடியில் பூக்கா என்ற அமெரிக்கக் கைதி முகாம் இருந்தது. அங்கே சாதாரண ஆட்களும் தீவிரவாதிகளும் ஒன்றாக அடைபட்டுக் கிடந்தார்கள். 2004-ல் அங்கே காவலில் இருந்து விடுதலையானவர்களில் ஒருவர் அபு பக்கர் அல் பாக்தாதி. பத்து வருஷம் கழித்து, 2014 ஜூனில், அவருடைய ஐ.எஸ். படை மொசூல் நகரத்தைப் பிடித்தது. அமெரிக்கத் துருப்புகள் ஈராக்குக்குத் திரும்பி வந்தன.

நம் பார்லிமெண்டில்

இந்த யுத்தத்தில் நாமும் இறங்கியிருக்கக் கூடும் என்பது பலருக்கு மறந்திருக்கும். 2003-ல் அமெரிக்கா இந்தியாவிடம் ஒரு டிவிஷன் அளவுக்கு ராணுவம் கேட்டது. அப்போது பிரதமர் வாஜ்பாய். அதற்கு முன்பே ஏப்ரல் 8-ந் தேதி லோக்சபா ஏகமனதாக ஒரு தீர்மானம் போட்டிருந்தது. ஹிந்தியில் நிந்தா என்ற சொல்லை வைத்தார்கள்; அதற்குக் கண்டனம் என்று பொருளா, வருத்தம் என்று பொருளா என்று ஆளாளுக்கு விளக்கம் சொன்னார்கள். ஆனால் ஜூலை 14-ந் தேதி எடுத்த முடிவில் குழப்பம் இல்லை. ஐக்கிய நாடுகள் சபையின் தெளிவான ஆணை இல்லாமல் இந்தியப் படை போகாது என்று மந்திரி சபையின் பாதுகாப்புக் கமிட்டி சொல்லிவிட்டது. உளவுத் தகவலை நம்பச் சொன்னவர்களிடம், நிதானித்து இல்லை என்று சொன்னதால் நம் சிப்பாய் குடும்பங்கள் எத்தனையோ தப்பின.

படை போகவில்லை. ஆனால் பிழைக்கப் போனவர்கள் அங்கே இருந்தார்கள். 2004-ல் குவைத் கம்பெனி ஒன்றின் லாரி ஓட்டிய இந்தியர் மூவர் ஈராக்கில் பணயக் கைதிகளாகி, பல வாரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்து விடுதலையானார்கள். 2014-ல் திக்ரித் ஆஸ்பத்திரியில் சிக்கிய 46 நர்சுகள், பெரும்பாலும் கேரளப் பெண்கள், ஜூலையில் பத்திரமாகக் கொச்சி வந்து சேர்ந்தார்கள்.

மொசூலில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த இந்தியத் தொழிலாளர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர்களை 2014 ஜூனில் ஐ.எஸ். ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் மட்டும் தப்பி வந்து, மற்றவர்களைச் சுட்டுவிட்டார்கள் என்றார். அத்தாட்சி இல்லாமல் இறந்ததாக அறிவிக்க முடியாது என்றது அரசாங்கம். குடும்பங்கள் ஏறக்குறைய நான்கு வருஷம் காத்திருந்தன. 2018 மார்ச் 20-ந் தேதி வெளிவிவகார மந்திரி சுஷ்மா ஸ்வராஜ் ராஜ்யசபாவில் எழுந்து, 39 பேரும் கொல்லப்பட்டார்கள் என்று அறிவித்தார். மொசூல் அருகே ஒரு மண்மேட்டைத் தோண்டி எடுத்த சடலங்களை, உறவினரின் ரத்தத்தோடு ஒப்பிட்டு அடையாளம் கண்டார்கள்.

பஞ்சாப், இமாசலப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்தவர்கள் அவர்கள். கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டுப் போனவர்கள் அவர்களில் பலர். ஊரை விட்டு வந்து உழைக்கிற நமக்கு அந்தக் கணக்குப் புரியும். 2002-ல் எந்தச் சபையில் யார் எதற்கு வோட்டுப் போட்டார்கள், எகிப்துச் சிறையில் ஒரு கைதி அடி தாங்காமல் என்ன சொன்னான், எந்தக் குமாஸ்தாவின் ஓரக் குறிப்பு எந்த மேஜையில் நின்றுபோனது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் தெரிந்துகொள்ளவில்லை. ரகசியம், விவரம் கேட்காதீர்கள், நம்புங்கள் என்று எந்த நாட்டு அரசாங்கம் யுத்தத்துக்கு அழைத்தாலும், அந்தத் தகவலை யாரிடமிருந்து, எப்படி வாங்கினீர்கள் என்று கேட்க வேண்டியது சபையில் உட்கார்ந்திருப்பவர்களின் முதல் வேலை. அதைக் கேட்காமல் விட்டதற்கான விலையைக் கொடுத்தவர்களில் மொசூல் மண்மேட்டில் புதைந்த அந்த 39 பேரும் உண்டு.